கித்தேரி தூம்பு

ஏட்டி, அந்த வெயில்ல நிக்காத. வயித்துப் பிள்ளைக்காரிய வெயில்ல நிப்பாட்டிட்டு நீங்கள்லாம் நிழல்ல நிக்கியளே, நல்லா இருக்கா? இங்கன வா, மதிலோட ஒட்டி உக்காரு. உள்ள சிஸ்டர்மாரு மத்தியானச் செபத்துல இருக்காவ. அது முடியாம ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டாவ. அதுவரைக்கும் கதையக் கேளுங்க. கதையக் கேக்காம வந்துட்டுப் போறவளுவள எனக்குப் பிடிக்காது. போன வாரம் ஒரு வேன் நெறைய வந்தாளுவ. போட்டோ எடுத்தாளுவ, முறுக்கு தின்னாளுவ, போயிட்டாளுவ. எதுக்கு வந்தோம்னு அவளுவளுக்கே தெரியாது.

நான் இந்த மடத்து அடுக்களையில சோறு பொங்கியே கெழவி ஆனவ. இப்பம் முட்டுவலி, அதனால வாசல்ல உக்காந்து வாரவளுவள ஏசிட்டு இருக்கேன். கித்தேரி எனக்குப் பூட்டி. என்னைப் பெத்தவளைப் பெத்தவ அமலோற்பவம். அமலோற்பவத்தைப் பெத்தவ கித்தேரி. இது எங்க வீட்டுக் கதை. யாரும் குறுக்க வந்து "இப்படி இல்ல, அப்படி"ன்னு சொல்லப்பிடாது.

ரொம்ப காலத்துக்கு முந்தி, இந்தப் புன்னந்துறையில ரோடு இல்ல, கரண்டு இல்ல. ஓலைக் குடிசையும் கட்டுமரமும் கோயிலும் இந்தக் கன்னியர் மடமுந்தான் இருந்துச்சாம். அந்தக் காலத்துல இந்த ஊருல கித்தேரி, கித்தேரின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசனைக் கடலு கொண்டு போயிட்டு. இருந்தது ஒத்த மவ. தொழில் என்னன்னா, பிள்ளை எடுக்கது. ஊருக்கே மருத்துவச்சி அவதான்.

எப்படிப்பட்ட மருத்துவச்சின்னு கேட்டியன்னா, அவ ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா அந்த வீட்டு ஆம்பளை வெளிய. மாமியாக்காரி வெளிய. அடுப்புல வெந்நி, சன்னலுக்குச் சாக்கு, எல்லாம் அவ சொன்னபடிதான் நடக்கணும். "நீ எதுக்கு அழுத? பெறப்போறது நீயா அவளா? எந்திச்சு வெளிய போ." இதுதான் அவ பேச்சு. ஒருமட்டம் பங்குச் சாமியாரே வாசல்ல வந்து நின்னு, உள்ள என்ன நெலமன்னு கேட்டாராம். "சாமி, நீங்க பூசை வைக்கும்போது நான் வந்து என்ன நெலமன்னு கேக்கனா?"ன்னாளாம். சாமியார் சிரிச்சிட்டுப் போயிட்டாராம். அவ யாரையும் கேக்க மாட்டா. அவளுக்கு என்ன தோணுதோ அதைச் செய்வா, உடனே செய்வா. அவ கை பட்டா பிள்ளை பொழச்சிரும்னு ஊரு நம்பிக் கிடந்துச்சு.

ஊரு பிள்ளையெல்லாம் எடுத்தா. மவ அமலோற்பவம் மடியில மட்டும் ஒண்ணும் வரல. அமலிய விசேந்தின்னு ஒரு பயலுக்குக் கெட்டிக் குடுத்திருந்தா. நல்ல பயதான், குடிப்பான், ஆனா அடிக்க மாட்டான். வருசம் போவுது, வருசம் போவுது, அமலிக்கு ஒண்ணும் தங்கல. ஊரு வாய் சும்மா இருக்குமா? "ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்து அவ வீட்டுப் பங்கும் தீந்து போச்சு போல"ன்னு கெணத்தடியில பேசுனாளுவளாம். கித்தேரி பிள்ளை எடுத்துட்டு வந்த வீட்டுக்காரியே அதச் சொல்லிச் சிரிச்சாளாம். அமலி தண்ணி எடுக்கப் போகுதத விட்டுட்டா. விடியுமுன்ன போயிட்டு வந்துருவா.

கித்தேரி ஒரு நாளு கோயிலுக்குப் போனா. மாதா சுரூபத்துக்கு முன்னால போய் நின்னா. முழங்கால் போடல, நின்னா. நின்னுக்கிட்டு சத்தமாவே சொன்னாளாம்:

"மாதாவே, எம்மவளுக்கு ஒரு பிள்ளையக் குடு. நான் என்னைத் தாரேன். மடத்துல போய்ச் சேந்துருதேன்."

கேட்டது கெடைச்ச பொறவு நேர்ச்சையச் செலுத்துததுதான் ஊரு வழக்கம். கித்தேரி அப்படிச் செய்யல. "முதல்ல நான் வாரேன், பொறவு நீ குடு"ன்னுட்டா. மாதாவுக்கே உத்தரவு போட்டவ, பாத்துக்கிடுங்க.

மடத்துக்கு அப்பம் பெரிய மதர் ஒரு வெள்ளக்கார அம்மா. மதர் அகத்தான்னு பேரு. புஸ்தகத்துல படிச்ச தமிழ் பேசுவாவளாம். கித்தேரி போய் வாசல்ல நின்னு, "மதர், நான் கன்னியாஸ்திரியா வாரேன்"ன்னா.

"உன் வயது என்ன?"

"நாப்பத்தஞ்சு தாண்டிட்டு."

"இருபது வயதுப் பெண்கள் வருகிறார்கள். உனக்கு வயது அதிகம்."

"வேலைக்கு ஆளு வேணும்லா மதர்? ஆறு பொம்பளை வேலைய நான் ஒருத்தி பாப்பேன்."

"வேலை செய்ய ஆள் கிடைக்கும், கித்தேரி. கீழ்ப்படிய ஆள் வேண்டும். உன்னைப் பற்றி ஊரில் கேட்டிருக்கிறேன்."

போன்னுட்டாவ. மறுநாளும் போனா. போன்னுட்டாவ. அதுக்கு மறுநாளும் போனா, அதுக்கு மறுநாளும் போனா. மழைக்காலம் வந்துச்சு, மழையிலயும் வாசல்ல நின்னா. கடைசியில மதர் ஒரு நாளு குடையோட வெளிய வந்து, "உன் சித்தத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வா"ன்னாவ. இவளும் சரி, விட்டுட்டு வாரேன்னா. சும்மா வான்னாவளா? அடுக்களைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் சேத்துக்கிட்டாவ. அந்தக் காலத்துல மடத்துல ரெண்டு வகை. படிச்ச சிஸ்டர், வேலைக்கார சிஸ்டர். கித்தேரி ரெண்டாவது வகை.

போறதுக்கு முந்தின நாளு அமலி வந்து தாய் காலப் புடிச்சுக்கிட்டா.

"எம்மா, போகாத. எனக்குப் பிள்ளை வேண்டாம். நீ இரு."

"வாயக் கழுவுட்டி. பிள்ளை வேண்டாம்னு சொல்லாத. மாதா காதுல விழுந்திரப் போவுது."

"நீ அங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"பிள்ளை இருக்கும். போ, போய் உலைய வை."

அவ்வளவுதான். ஏசி அனுப்பிட்டா. அழல. அவ தலைமயிரை மடத்துல கத்தரிச்சப்ப, மதிலுக்கு வெளிய ஊருப் பொம்பளையெல்லாம் மாரடிச்சு அழுதாளுவளாம். செத்த வீடு மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுவாவ. ஏன் அழுதாளுவ தெரியுமா? இனி நம்ம வீட்டுல பிள்ளை எடுக்க யாருன்னு அழுதாளுவ. ஏன்னா அந்தக் காலத்துல சபைச் சட்டம் அப்படி. கன்னியாஸ்திரி பிள்ளைப்பேறு பாக்கக் கூடாது. பேறுகாரியத் தொடக் கூடாது. அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இப்பம் சிஸ்டர்மாரே ஆஸ்பத்திரி நடத்துதாவ, நர்ஸா இருக்காவ. அப்பம் அது பாவம்.

வெளிய கித்தேரியோட வெந்நிச் சட்டி தூக்கிட்டுத் திரிஞ்ச வியாகுலத்தான்னு ஒருத்தி இருந்தா. சின்ன வயசுக்காரி. அவதான் ஊருக்கு மருத்துவச்சி ஆனா. கை உண்டு, தைரியம் கிடையாது.

உள்ள போன கித்தேரிக்கு என்ன நடந்துச்சு? ஒரு சிஸ்டர் தலை சுத்தி விழுந்தாவ. எல்லாரும் செபத்துல இருக்காவ, பேசப்பிடாத நேரம். கித்தேரி எந்திச்சுப் போய் அவியளைத் தூக்கி, தண்ணி தெளிச்சு, சட்டையத் தளத்தி விட்டா.

"கித்தேரி, யாரைக் கேட்டுச் செய்தாய்?"

"யாரையும் கேக்கல மதர். அவிய விழுந்துட்டாவ."

"முழங்காலில் நில். தரையை முத்தி செய்."

முழங்கால் போட்டு, குனிஞ்சு தரைக்கு முத்தம் குடுத்தா. இன்னொரு நாளு மாடு கன்னு போட முடியாமக் கெடந்து கத்துச்சு. கித்தேரி ஓடுனா, கைய விட்டுக் கன்னை எடுத்துட்டா. பசு பொழச்சுது, கன்னும் பொழச்சுது.

"கித்தேரி, யாரைக் கேட்டுச் செய்தாய்?"

"யாரையும் கேக்கல மதர். கேட்டுட்டு வாரதுக்குள்ள செத்துரும்லா?"

"செத்தால் அது ஆண்டவர் சித்தம். உன் சித்தத்தை வாசலில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாய். ஏன் உள்ளே கொண்டு வந்தாய்? முழங்காலில் நில். தரையை முத்தி செய்."

எல்லாரும் சோறு திங்கும்போது இவ நடுவுல கைய விரிச்சு முழங்கால்ல நிக்கணும். வயசுப் பிள்ளையெல்லாம் தலையைக் குனிஞ்சிக்கிட்டுத் திங்குமாம். மூத்த பொம்பளை, முட்டு என்ன பாடுபட்டிருக்கும்னு எனக்குத் தெரியும்.

வேற ஒருத்தியா இருந்தா மூட்டையக் கெட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. இவ போகல. ராவும் பகலும் ஒண்ணே ஒண்ணுதான் நெனைச்சாளாம். நான் என்னைத் தாரேன்னு சொன்னேன், பாதிதான் குடுத்திருக்கேன். பாதியக் குடுத்துட்டு முழுப் பிள்ளையக் கேட்டா மாதா எப்படிக் குடுப்பா? நான் முழுசாக் குடுத்தாத்தான் அமலிக்குப் பிள்ளை. இதுதான் அவ கணக்கு. அதனால அவ தன்னைத்தானே ஒடிச்சா. கொஞ்சம் கொஞ்சமா ஒடிச்சா.

கிணத்துல வாளிய விடணும்னாக் கூட, "மதர், இறைக்கவா?" மாட்டுக்குப் புல்லுப் போடணும்னாக் கூட, "மதர், போடவா?" ஒரு நாளு கொதிக்க கஞ்சிப் பானையத் தூக்கிட்டு நின்னாளாம். எங்க வைக்கணும்னு சொல்ல வேண்டிய சிஸ்டர் உள்ள எதையோ எடுக்கப் போயிட்டாவ. வந்து சொல்லுத வரைக்கும் இவ இறக்கல, நின்னா. உள்ளங்கைத் தோலு உரிஞ்சு போச்சு. மதர் அந்தக் கையைப் பாத்துட்டு, "இப்போதுதான் நீ கன்னியாஸ்திரி"ன்னாவளாம். அந்த வருசம் அவளுக்கு வார்த்தைப்பாடு குடுத்தாவ. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். பீடத்துக்கு முன்னால வாயால சொல்லிக் கையெழுத்துக்குப் பதிலா ரேகை வச்சா.

வார்த்தைப்பாடு குடுத்த கையோட, நம்புவியளோ நம்பமாட்டியளோ, அமலிக்குத் தங்கிட்டு.

ஊரே ஆடிப்போச்சு. மாதா குடுத்தா பாத்தியளான்னு கெணத்தடியில சிரிச்சவளே விழுந்து கும்புட்டா. அமலி வயித்தத் தள்ளிக்கிட்டு மடத்துக்கு வந்தா. பேச்சறையில கம்பிக்கு அங்கன தாயி, இங்கன மவ, நடுவுல மதர் நாக்காலி போட்டு உக்காந்திருக்காவ. கித்தேரி கண்ணு மவ வயித்துலதான் இருந்துச்சாம். கைய அப்படியே முந்திக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டாளாம்.

"எம்மா, நீ வந்து எடுப்பல்லா?"

கித்தேரி மதரைப் பாத்தா. மதர் தலையை ஆட்டுனாவ, இல்லன்னு.

"வியாகுலத்தா எடுப்பா. நான் உள்ள இருந்து செபம் பண்ணுவேன்."

"எனக்குச் செபம் வேண்டாம்மா. நீ வேணும்."

"ஏட்டி, மதர் இருக்காவ. அழாம போ."

அமலிக்கு வலி வந்துச்சு. முதல் நாளு சாயங்காலம் வந்த வலி மறுநாளு உச்சிக்கும் தீரல. வியாகுலத்தா தடவிப் பாக்கா, பிள்ளை குறுக்க கெடக்கு. தலை ஒரு விலாவுல, காலு ஒரு விலாவுல. அவளுக்கு ஒதறல் எடுத்துட்டு. "அக்கா வந்தாத்தான் ஆவும். எனக்கு இது தெரியாது"ன்னு அழுதுட்டா.

விசேந்தி ஓடுனான். மடத்து முன்வாசல்ல போய் விழுந்தான்.

"மதர், எம்பொஞ்சாதி சாவுதா. மாமிய அனுப்புங்க. ஒரு நாழி அனுப்புங்க."

"என்னால் முடியாது. அது என் அதிகாரத்தில் இல்லை. ஆயரிடம் கேட்க வேண்டும்."

ஆயர் இருக்க ஊருக்கு வண்டி போய்ட்டு வர ரெண்டு நாளு ஆவும். சாமியார்கிட்ட கேக்கலாம்னா, அவரு பக்கத்துத் துறைத் திருநாளுக்குப் போயிட்டாரு. விசேந்தி நெத்திய வாசப்படியில அடிச்சான். மதர் கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டாவ.

இங்கதான் எனக்கு வயிறு எரியும். கேளுங்க.

மதருக்கும் மனசு இருந்துச்சு. இல்லாம இல்ல. உள்ள போய் என்ன செஞ்சாவ? தொழுவத்துக்கு அந்தப் பக்கம் மதில்ல ஒரு சின்ன வாசல் உண்டு, சாணி அள்ளிட்டுப் போறதுக்கு. அங்க போனாவ. யாருக்கும் தெரியாம தாழ்ப்பாளை எடுத்தாவ, குறுக்குக் கட்டைய எடுத்து மதில்ல சாத்துனாவ. கதவைத் தொறந்து, சும்மா ஒருக்களிச்சு விட்டாவ. பொறவு கித்தேரிகிட்ட வந்தாவ. வந்து இவ்வளவுதான் சொன்னாவ:

"உன் மகளுக்கு வலி. சட்டம் உனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்ல முடியாது. நீ தொழுவத்துப் பக்கம் போய் இரு. நான் கோயிலுக்குள் போகிறேன். மாலை மணி அடிக்கும் வரை வெளியே வரமாட்டேன்."

அவிய மனசுல என்னன்னா, இவ பழைய கித்தேரில்லா, யாரையும் கேக்காம ஓடுதவல்லா, கதவைப் பாத்தா ஓடிருவா. நான் போன்னு சொல்லாம இருந்தா சட்டமும் நிக்கும், பிள்ளையும் பொழைக்கும். அப்படி நெனைச்சாவ. பழைய கித்தேரிய அவியதான் ஒடிச்சுப் போட்டாவங்கிறது அவியளுக்கே மறந்து போச்சு.

கித்தேரிகிட்ட என்ன சொன்னாவ? தொழுவத்துப் பக்கம் போய் இருன்னு சொன்னாவ. அவ தொழுவத்துப் பக்கம் போய் இருந்தா. மாட்டுக்குப் பின்னால முழங்கால் போட்டு, கைய விரிச்சுச் செபம் பண்ணுனா. சின்ன வாசல் தொழுவத்துக்கு அந்தப் பக்கம். திரும்பிக்கூடப் பாக்கல.

வெளிய விசேந்தியும் நாலு ஆம்பளையும் அமலியக் கயித்துக் கட்டிலோட தூக்கிட்டு மடத்துக்கு வாராவ. கொண்டு போய் வாசல்ல போட்டா கதவு தொறக்காமலா போயிரும்னு நெனைச்சாவ. முன்வாசல் தொறக்கல. அமலி கத்துனா. அந்தச் சத்தம் தொழுவத்துல இருந்த கித்தேரி காதுல விழுந்துச்சு.

"ஏ வியாகுலத்தா," ன்னு உள்ள இருந்து கூப்புட்டா. "இங்கன கொண்டு வா. மதிலுக்குப் பின்னால கொண்டு வா."

கொண்டு வந்து, இன்னா, இப்பம் நீங்க உக்காந்திருக்கியளே, இந்த இடத்துல கட்டிலைப் போட்டாவ. ஆம்பளையளைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, பொம்பளையெல்லாம் சேலையை மறைச்சுப் புடிச்சாளுவ. மதிலுக்கு அங்கன கித்தேரி. இங்கன மவ. நடுவுல கல்லு. அடியில மழைத்தண்ணி போற தூம்பு, ஒரு கை போற ஓட்டை.

"தலை எங்க கெடக்கு?"

"வலது விலாவுலக்கா."

"எண்ணெயத் தேயி. வலி வரும்போது தொடாத. வலி விட்ட பொறவு, ஒரு கை தலையில, ஒரு கை பொச்சுல, மெள்ளத் தள்ளு. அவசரப்படாத. என்ன செய்யுது?"

"நகருதுக்கா."

"நிப்பாட்டு. வலி வருதா? விடு. போச்சா? இப்பம் தள்ளு."

கண்ணால பாக்காம, கையால தொடாம, வாயாலயே அந்தப் பிள்ளையத் திருப்புனா கித்தேரி. ஊரு பொம்பளையெல்லாம் பாத்தது இது. பொழுது சாயப்போற நேரம் பிள்ளை வந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. கத்துச்சு. மதிலுக்கு உள்ள இருந்து கித்தேரி, "தேவ தாயே"ன்னு ஒரு சத்தம் போட்டாளாம். அந்தப் பிள்ளைதான் எங்கம்மை.

ஆனா உதிரம் நிக்கல.

"அடிவயித்த உருட்டி அமுக்கு. இன்னும் அமுக்கு. கல்லு மாதிரி ஆவுதா?"

"ஆவலக்கா. வழுக்குது. எனக்குத் தெரியல. நீங்க வாங்கக்கா, நீங்க வந்தாத்தான் ஆவும்."

கித்தேரி கோயில் பக்கம் திரும்பிக் கத்துனா. "மதர், போகவா?"

இன்னும் பலமாக் கத்துனா.

"மதர், போகவா?"

மதர் உள்ள முழங்கால்ல இருக்காவ. கேக்கு. நல்லா கேக்கு. ஏன் இன்னும் போகாம கேட்டுக்கிட்டு இருக்கான்னு நெனைக்காவ. வாயத் தொறந்து போன்னு சொல்லிட்டா அது அவிய பாவம். அதனால காதைப் பொத்திக்கிட்டாவளாம். இதைப் பொறவு அவியளே சொன்னது.

அமலி கட்டில்ல இருந்து கையத் தொங்கப் போட்டா. கித்தேரி மண்ணுல கவுந்து படுத்து, தூம்பு வழியா கைய நீட்டுனா. தோளு வரைக்கும் நீட்டுனா. மவ கையப் புடிச்சா.

"எம்மா, வாயேன்."

"வாரேன் மக்கா. சொல்லட்டும், வாரேன். இப்பம் நான் வார்த்தைய ஒடச்சா மாதா உம்பிள்ளையத் திருப்பி எடுத்துருவா. கொஞ்சம் பொறுத்துக்கோ. மதர் சொல்லிருவாவ. மதர், போகவா?"

"எம்மா, குளுருது."

"வாரேன். இந்தா வாரேன். மதர், போகவா? மதர்?"

கித்தேரி கையில மவ கை இருந்துச்சு. அது எப்பம் செத்துச்சுன்னு அவளுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும். ஆயிரம் பேத்தைத் தொட்ட கைல்லா. ஆனா அவ கேக்குதத நிப்பாட்டல. "மதர், போகவா? மதர், போகவா?"

விசேந்திக்கு வெறி புடிச்சிட்டு. துடுப்பை எடுத்துக்கிட்டு, மடத்துக் கதவை ஒடைக்கேன்னு மதிலைச் சுத்தி ஓடுனான். சின்ன வாசல் வந்துச்சு. தோளால ஒரு இடி இடிச்சான். கதவு சும்மா தொறந்துட்டு. ஓடுன வேகத்துல உள்ள போய்க் குப்புற விழுந்தான். எந்திச்சுப் பாக்கான், குறுக்குக் கட்டை மதில்ல சாஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பாக்கான், மாமி மண்ணுல கவுந்து கெடக்கா, கை தூம்புக்குள்ள இருக்கு.

"மாமி," ன்னானாம். "மாமி, கதவு தொறந்துதாம்லா கெடக்கு."

கித்தேரி தலையைத் தூக்கிக் கதவைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தாளாம். மணி அடிச்சுது. மதர் கோயில்ல இருந்து வந்தாவ. வந்து நின்னு பாத்தாவ.

"நான் கதவைத் திறந்து வைத்தேனே, கித்தேரி. கட்டையை எடுத்து வைத்தேனே."

"நீங்க சொல்லலியே மதர்."



அமலியக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனப்ப இந்த மதில் வழியாத்தான் போனாவ. கித்தேரி உள்ள நின்னா. வெளிய வரல. யாரும் போன்னு சொல்லல, அவளும் கேக்கல. பிள்ளைய விசேந்தி தூக்கிட்டுப் போயிட்டான். பால் குடுத்தது வேற வீட்டுக்காரி. அந்தப் பிள்ளையக் கித்தேரிகிட்ட காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டான்.

அதுக்குப் பொறவு வேலை முடிஞ்ச நேரத்துல கித்தேரி வந்து மண்ணுல படுப்பா. தூம்பு வழியா கைய வெளிய நீட்டுவா. உள்ளங்கை மேல பாத்துக் கெடக்கும். தெனமும். ஊருக்காரங்க பயந்து அந்தப் பக்கம் போகாம சுத்திப் போனாவ. ஒருநாளு விசேந்தி குடிச்சிட்டு வந்து அந்தக் கைய மிதிச்சான். வேணும்னே மிதிச்சான். அவ கைய உள்ள இழுக்கல. அவன்தான் அழுதுகிட்டே போனானாம். மதர் பாப்பாவளாம். "யாரைக் கேட்டுச் செய்தாய்"னு கேக்கதில்ல.

கொஞ்ச காலம் கழிச்சு, ஒரு வயித்துப் பிள்ளைக்காரி வந்தா. சின்னப் பிள்ளை, காலெல்லாம் வீங்கி, தலைப்பேறு. வியாகுலத்தா இனி பிள்ளை எடுக்க மாட்டேன்னு வீட்டை அடைச்சுட்டு உக்காந்துட்டா. இந்தப் பிள்ளைக்கு அமலி செத்த பயம். வந்து இங்கன குத்தவச்சு, அந்தக் கையைத் தொட்டா. தொட்டுட்டுக் கேட்டாளாம்.

"ஆத்தா, எனக்கு வலி வந்தா வருவியா?"

கித்தேரி கைய எடுத்தா. எந்திச்சா. மண்ணத் தட்டிட்டு நேரா மதர்கிட்ட போனா.

"மதர், போகவா?"

மதர் அவளைப் பாத்தாவ. அவியளுக்கு முடியெல்லாம் நரைச்சுப் போச்சாம் அந்த ஒரு வருசத்துல.

"போ," ன்னாவ.

அவ்வளவுதான். போ. ஒத்த எழுத்து. அந்த ஒத்த எழுத்தை அன்னைக்குச் சொல்லியிருந்தா எங்கம்மை தாய்ப்பால் குடிச்சு வளந்திருப்பா. நெனைச்சா இப்பமும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். மதரு மேல வரும். எங்க பூட்டி மேலயும் வரும். கதவு எந்தப் பக்கம்னு ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா என்ன?

கித்தேரி தூம்புக்குத் திரும்பி வந்தா, கைய நீட்டுனா, அந்தப் பிள்ளை கையப் புடிச்சா. "வருவேன்"ன்னு சொன்னா. வலி வந்தப்ப போனா. பிள்ளையும் பொழச்சுது, தாயும் பொழச்சா. அடுத்தவளுக்கும் போனா, அதுக்கடுத்தவளுக்கும் போனா. மதர் அந்தச் சின்ன வாசல் கதவைக் கழத்தி அடுப்புல வச்சுட்டாவ. விசயம் மேல போச்சு. போன்னு சொன்னதுக்காக மதரைக் கப்பலேத்தி அவிய ஊருக்கே அனுப்பிட்டாவ. புதுசா வந்த மதர் கதவு போடணும்னு தச்சனைக் கூப்புட்டாவளாம். ஊருல ஒரு தச்சனும் வரல. இப்பமும் அங்க கதவு கிடையாது, போய்ப் பாருங்க.

எங்கம்மை? அவ இந்தத் தூம்புகிட்ட வந்து நின்னதே இல்ல. என்னை வயித்துல வச்சிருந்தப்ப தண்ணிக் குடத்தோட இந்த வழியா ஒரு நாளு போனாளாம். கெழவி கை வெளிய கெடந்துச்சாம், சுருங்கிப் போய். எங்கம்மை பாத்தா. நிக்கல, போயிட்டா. அன்னைக்கு ராத்திரிதான் கித்தேரி செத்தா. ஏம்மா தொடலன்னு நான் கேட்டதுக்கு, "என் அம்மைக்கு வராத கை எனக்கு எதுக்கு"ன்னா. சாவுத வரைக்கும் அதே பேச்சுதான்.

மதில் இடிஞ்சு புதுசா கெட்டுனப்பல்லாம் இந்தத் தூம்பை விட்டுத்தான் கெட்டுனாவ. இதுக்குப் பேரே கித்தேரி தூம்பு. எட்டு மாசம் ஆனவ இங்க வரணும், கைய உள்ள விடணும். உள்ள ஒரு சிஸ்டர் அந்தக் கையப் புடிப்பாவ. அப்பம் நீ "வருவியா?"ன்னு கேக்கணும். அவிய பதில் சொல்லணும். தலையை ஆட்டுனா பத்தாது, கைய அமுக்குனா பத்தாது. வாயத் தொறந்து, வெளிய நிக்கவ காதுல விழுத மாதிரிச் சொல்லணும். எம்புட்டு பெரிய மதரா இருந்தாலும் சொல்லித்தான் ஆவணும்.

மணி அடிச்சிட்டு, கேட்டியளா? செபம் முடிஞ்சு போச்சு. போ மக்கா. குனிய முடியலன்னா உக்காந்துக்கோ, மாமியா புடிச்சுக்கிடட்டும். கைய விடு. புடிச்சிட்டாவளா? இப்பம் கேளு. சத்தமாக் கேளு. அவிய சொல்லுத வரைக்கும் கைய எடுக்காத.